அப்பத்தா சொன்ன காடு

"ஏலே, ஆட்டைப் பத்திக்கிட்டுக் காட்டுக்குப் போறேன். உலை கொதிச்சா அரிசியைப் போட்டுரு."

நான் சிறுவனாக இருந்தபோது அநேகமாக எல்லா விடியலும் அப்பத்தாவின் இந்தக் குரலோடுதான் தொடங்கும். ஆலங்குளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்று கிழக்கே பார்த்தால் அவள் சொன்ன காடு தெரியும். கறுப்பு மண். முழங்கால் உயரத்துக்குப் புல். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை பிடித்த மாதிரி உடைமரம். ஓடைக்கரையில் நாலைந்து பனை. அவ்வளவுதான். மேற்கே திரும்பினால், மழை பெய்து வெறித்த நாட்களில், ராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம் நீலச் சுவராக மலை நிற்கும். யானையும் அருவியும் உள்ள அந்த இடத்தை அப்பத்தா ஒரு நாளும் காடு என்று சொன்னதில்லை. அது அவளுக்கு 'மலை'.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் காடு என்ற பாடத்துக்கு மேலே போட்டிருந்த படத்தில் மரங்கள் வானத்தை மறைத்திருந்தன. பாவம், அப்பத்தாவுக்குக் காடு என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நானே முப்பது வருஷத்துக்கு மேல் புவியியல் வாத்தியாராக இருந்து, அதே மாதிரிப் படங்களைக் கரும்பலகையில் வரைந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். தெரியாமல் இருந்தது யாருக்கு என்பது புரிய அவ்வளவு காலம் ஆனது.

மழையின் வரவு செலவு

ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் 'பல்லுயிர்த் தொகுதி' என்று ஒரு சொல் வரும். ஆங்கிலத்தில் பயோம் என்பார்கள். அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரடெரிக் கிளெமென்ட்ஸ் 1916இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. பிள்ளைகளுக்கு நான் சொன்ன விளக்கம் எளிமையானது: ஒரே மாதிரி வெயில், ஒரே மாதிரி மழை உள்ள இடங்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும், அங்கே வாழும் செடிகொடிகளும் விலங்குகளும் சாடையில் ஒன்றுபோலவே இருக்கும். சொந்தபந்தம் இல்லாதவர்கள் ஒரே தொழில் பார்த்தால் கைகால் ஒரே மாதிரி காய்ப்பேறிப் போவதில்லையா, அதுபோல.

1970களில் ராபர்ட் விட்டேக்கர் என்ற சூழலியலாளர் இதை ஒரே ஒரு வரைபடத்தில் அடக்கினார். ஒரு பக்கம் சராசரி வெப்பம், இன்னொரு பக்கம் ஆண்டு மழை. இரண்டையும் குறித்தால் பாலைவனம், புல்வெளி, இலையுதிர் காடு, மழைக்காடு, தூந்திரம் என்று உலகத்தின் நிலங்கள் தத்தம் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் மழையின் அளவு மட்டும் போதாது. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் பெய்வது ஏறத்தாழ 600தான். லண்டன் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. நாம் சித்திரையில் வானத்தைப் பார்க்கிறோம். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அங்கே வருஷம் முழுக்கத் தூறல்; வெயில் குறைவு; விழுந்த தண்ணீர் மண்ணில் தங்குகிறது. இங்கே பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச நாள் முழுக்க வெயில் அதை உறிஞ்சும். மொத்த வருமானம் பெரிதாக இருந்து என்ன, இரண்டு மாதச் சம்பளத்தில் பன்னிரண்டு மாதக் குடும்பம் நடத்த வேண்டுமே. எங்கள் ஊர்ச் செடி ஒவ்வொன்றும் அப்படிக் குடும்பம் நடத்தக் கற்றது.

இந்தக் கஞ்சத்தனத்துக்குக் காரணம் மேற்கே நிற்கும் மலைதான். ஆனி ஆடியில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடும். மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும் காற்றில் மிஞ்சுவது வேகம் மட்டும். ஆடிக்காற்றில் அப்பத்தாவின் சேலை முந்தானை படபடக்கும். ஒரு சொட்டு விழாது. புத்தகம் இதை மழைமறைவுப் பகுதி என்கிறது.

இதனால் நமக்கு ஓர் அதிசயம் வாய்த்திருக்கிறது. ஆலங்குளத்திலிருந்து ராஜபாளையம் இருபது கிலோமீட்டருக்குள். அங்கிருந்து மலையடிவாரத்து அய்யனார் கோவில் பத்து கிலோமீட்டர் போல. அதற்கு மேல் 2,000 மீட்டரைத் தொடும் முகடு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். மழையோ கூடிக்கொண்டே போகும். பூமியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து பார்க்க வேண்டிய நில வகைகளில் பலவற்றை இந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் பார்த்துவிடலாம்.

பால் வடியும் கள்ளி, வடியாத கள்ளி

புறப்படுவதை எங்கள் ஊர் வேலியிலிருந்தே தொடங்கலாம். வேலியில் இரண்டு கள்ளி இருந்தன. ஒன்று சதுரக்கள்ளி, இன்னொன்று சப்பாத்திக்கள்ளி. இரண்டிலும் இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, தண்டுதான் பச்சை, அதில்தான் சமையல், உடம்பெல்லாம் முள், உள்ளே தண்ணீர்ச் சேமிப்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே குடும்பப் பெயர். ஆனால் கத்தியால் ஒரு கீறல் போட்டால் வேஷம் கலைந்துவிடும். சதுரக்கள்ளியில் வெள்ளைப் பால் வடியும். அது ஆமணக்குக் குடும்பம், நம் மண்ணுக்காரன். சப்பாத்தியில் பால் வராது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த காக்டஸ் குடும்பம். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியாக வறட்சியைச் சந்தித்த இரண்டு குலங்கள் ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பல்லுயிர்த் தொகுதி என்றால் என்ன என்று கேட்ட பிள்ளைகளை நான் முதலில் கூட்டிப்போனது அந்த வேலிக்குத்தான்.

இந்தச் செடிகளின் இன்னொரு தந்திரம் இரவில் நடக்கிறது. எந்த இலையும் காற்றை உள்ளே இழுக்கத் துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் தண்ணீர் ஆவியாகும். கரிசல் வெயிலில் பகலில் கதவைத் திறந்து வைப்பது பானையை ஓட்டை போட்டு வைப்பதற்குச் சமம். அதனால் கள்ளி, கற்றாழை, பிரண்டை எல்லாம் ராத்திரியில் மூச்சு விடுகின்றன. இழுத்த கரியமிலக் காற்றை அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, பகலில் கதவைச் சாத்திவிட்டு, வெயிலில் அதை உணவாக்குகின்றன.

இதன் தடயத்தை நாக்கால் கண்டுபிடித்த ஒருவர் நம் பக்கத்தில் வேலை பார்த்தவர். பெஞ்சமின் ஹெய்ன், சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராக இருந்த ஜெர்மானியர். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, உச்சிவேளையில் சப்பென்று ஆகிவிடுகிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815இல் லண்டனில் அச்சானது. 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று நாம் சொல்லும் அதே செடிதான். நானும் ஒரு நாள் விடியலில் ஒரு துண்டும் மதியம் ஒரு துண்டும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஹெய்ன் சொன்னது சரி.

அப்பத்தாவின் பாடம் வேறு வழியில் போகும். அவளுக்குச் செடிகளெல்லாம் இரண்டே வகை: ஆடு தின்னும், ஆடு தின்னாது. தமிழில் சில செடிகளுக்குப் பெயரே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆடாதொடை, ஆடுதின்னாப்பாளை. தண்ணீர் குறைவான நிலத்தில் ஓர் இலையை முளைக்க வைப்பது பெரிய செலவு. இழந்தால் மறுபடி முளைக்க முதல் இல்லை. அதனால் உடைமரமும் வெள்வேலமும் முள்ளால் காவல் போடுகின்றன, ஆடாதொடை கசப்பால், ஆடுதின்னாப்பாளை நஞ்சால். அந்த நஞ்சையும் ஒரு புழு தின்னக் கற்றுக்கொண்டது. கறுப்பு இறக்கையில் சிவப்புப் பொட்டு வைத்த பட்டாம்பூச்சியின் புழு அது. தின்ற நஞ்சை உடம்பில் வைத்துக்கொண்டு பறப்பதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை.

வெடிக்கும் மண்

ஏன் இந்தக் கரிசலில் மரங்கள் நெருங்கி வளரவில்லை? மழை குறைவு என்பது பாதி விடை. மீதி மண்ணில் இருக்கிறது. கரிசல் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். பங்குனி சித்திரையில் எங்கள் காட்டு வெடிப்புக்குள் கை முழங்கை வரை போகும். ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொண்டால் பக்குவமாக எடுக்க வேண்டும். வருஷா வருஷம் இப்படிப் பிளந்து மூடும் மண் இளமரங்களின் வேரை அறுக்கிறது. புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் வேர் மெல்லிய நார்க்கொத்து; அறுந்தால் அடுத்த மழைக்கு மறுபடி.

புல்லின் கெட்டிக்காரத்தனம் இன்னொன்று. மரக்கன்று நுனியில் வளரும். ஆடு கடித்தால் தலை போயிற்று. புல் அடியிலிருந்து வளரும். மேய்ந்தாலும் தீப்பிடித்தாலும் உயிர் தரைக்குள் பத்திரமாக இருக்கும். கம்பு, சோளம், கரும்பு எல்லாம் சேர்ந்த வெப்பநிலப் புல் கூட்டத்துக்குக் கொஞ்சம் தண்ணீரில் அதிக உணவு சமைக்கும் தனி ரசாயன முறையும் வாய்த்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் சவானாவிலும் பிரேசிலின் செராடோவிலும் இதே குடும்பக் கதைதான். ஆப்பிரிக்கப் படங்களில் ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் தட்டையான தலையோடு நிற்கிறதே ஒரு மரம், அது எங்கள் உடைமரத்தின் நெருங்கிய உறவு. உடைமரம் தென் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் உரியது.

இந்த நிலத்து உயிர்கள் ஒளிந்திருந்து நேரம் வரும்போது வெளிப்படுபவை. கோடை முழுக்க மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் தவளைகள் முதல் மழை இரவில் ஒன்றாகக் கத்தும். மறுநாள் காலையில் ஈர மண்ணில் செம்பட்டுத் துணுக்குகளாகப் பட்டுப்பூச்சிகள் ஊரும். பக்கத்தில் சிவகாசி இருக்கிறதால் எங்களுக்குத் தீப்பெட்டிக்குப் பஞ்சமே கிடையாது. ஆளுக்கொரு பெட்டியில் புல் போட்டு அந்தப் பூச்சிகளை அடைத்து வைப்போம். சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்ததற்கும் இந்த வறண்ட காற்று ஒரு காரணம். 1920களில் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் குச்சியை உலர்த்தக் கூலி கேட்காத வெயிலைத் தங்கள் ஊரிலேயே வைத்திருந்தார்கள். நிலம் தவளையை மட்டுமா வடிவமைக்கிறது?

வெட்டவெளியில் இன்னொரு கூத்துக்காரன் உண்டு. கழுத்துக்குக் கீழே விசிறி விரித்துப் பெண்ணை அழைக்கும் சிறு ஓணான். மரமில்லாத இடத்தில் தூரத்திலிருந்து பார்க்கப்பட வேண்டுமென்றால் கொடி பிடிக்கத்தானே வேண்டும்? ஒரு கல்லின் மேல் ஏறி நின்று அது விசிறியைச் சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டே ஆட்டைத் தொலைத்தவன் நான். தமிழ்நாட்டில் வாழும் இந்த வகை ஓணான் ஒன்றுக்கு 2016இல் ஆய்வாளர்கள் அறிவியல் பெயர் வைத்தபோது 'விசிறி' என்ற நம் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

புரட்டாசிக்குப் பிறகு சோளக்குருவிகள் வரும். ரோஜா நிற உடம்பும் கறுப்புத் தலையுமாக, கூட்டம் கூட்டமாக. மாலையில் அவை வானத்தில் திரும்பும்போது ஒரே துணியை உதறுவது போலிருக்கும். மத்திய ஆசியாவின் ஸ்டெப்பி என்னும் மாபெரும் புல்வெளியில் குஞ்சு பொரித்து, அங்கே வெட்டுக்கிளி தின்று, குளிர் வந்ததும் இங்கே இறங்குகின்றன. வரும் வழியில் எத்தனையோ பச்சைக் காடுகள். அவற்றைத் தாண்டி எங்கள் கரிசலைத் தேடி வருவது சும்மாவா? ஒரு புல்வெளியை இன்னொரு புல்வெளியாக அந்தக் குருவிக்கு அடையாளம் தெரிகிறது.

அணில் இறங்காத மரம்

ராஜபாளையம் தாண்டி மேற்கே போகப் போக மண் சிவக்கும். சப்பட்டை மாம்பழத்துக்குப் பேர் போன தோப்புகள் வரும். அய்யனார் கோவிலில் என் பழைய மாணவர் ஒருவர் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிறார். போன தடவை என்னைக் கண்டதும் கையைப் பிடித்து ஆற்றோரம் நிறுத்தினார்.

"சார், அண்ணாந்து பாருங்க. அந்தப் புளியமரம், மேற்குக் கொப்பு. வால் தெரியுதா?"

முதலில் தெரிந்தது வால்தான். கொப்பிலிருந்து சாம்பல் பூசிய துடைப்பம்போல் தொங்கியது. சாம்பல் நிற மலை அணில். தலையிலிருந்து வால் நுனி வரை இரண்டடிக்கு மேல். எடை ஒன்றரைக் கிலோ அளவு. இதற்காகவே 1988இல் திருவில்லிபுத்தூரில் சுமார் 485 சதுர கிலோமீட்டரில் ஒரு சரணாலயம் ஏற்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாக அது விரிந்தது, தமிழ்நாட்டில் ஐந்தாவது.

"இது தரைக்கு வரவே வராதா?"

"வரும் சார், வேற வழி இல்லேன்னா. வந்தா அதுக்கு ஆபத்துதான். மரத்துக்கு மரம் கொப்பு தொட்டுக்கிட்டு இருக்கணும். நடுவுல ஒரு மரத்தை வெட்டுனா இதுக்கு ரோடு கட்டான மாதிரி."

அந்த அணிலின் முழு வாழ்க்கையும் அதில் இருக்கிறது. மேலே ஈரமான பசுமைக்காட்டில் அதன் உறவுக்காரன், செம்பழுப்பு மலை அணில் ஆள்கிறது. கீழே கரிசலில் கொப்பு கொப்பைத் தொடாது. இரண்டுக்கும் நடுவே, அடிவாரத்து வறண்ட காட்டில், ஓடைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பச்சை மாறாமல் நிற்கும் மரவரிசைதான் இதன் வீடு. நாடா மாதிரி ஒரு நிலம். இதே இனம் கடல் கடந்து இலங்கையிலும் இருக்கிறது. பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது இரண்டு கரைக்கும் நடுவே நிலம் இருந்தது. ராமேசுவரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அணிலுக்கும் திருவில்லிபுத்தூர் அணிலுக்கும் பூட்டன் ஒருவனே.

இந்த அடிவாரக் காடு மாசி பங்குனியில் இலையை உதிர்த்துவிடும். ஐரோப்பாவில் மரங்கள் இலை உதிர்ப்பது குளிருக்குப் பயந்து. இங்கே தாகத்துக்குப் பயந்து. யோசித்தால் இரண்டும் ஒன்றுதான். உறைந்த தண்ணீரை வேர் குடிக்க முடியாது; குளிர்நாட்டு மரத்துக்குப் பனிக்காலமே வறட்சி. சைபீரிய ஊசியிலை மரத்தின் ஊசியும் எங்கள் வேலமரத்தின் பொடி இலையும் தண்ணீரை இழக்காமலிருக்கச் சிறுத்துப்போனவைதாம். இலை இல்லாத அந்த நாட்களில் முள்ளிலவு சிவப்பாகப் பூக்கும். மறைக்க இலை இல்லை. பறவைக்குத் தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

அதற்கு மேலே

அதற்கு மேல் நினைத்தவுடன் போக முடியாது, அனுமதி வேண்டும். சில வருஷங்களுக்கு முன் வனவிலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலனாகப் போனேன். வழிகாட்டியாக வந்த பளியர் பழங்குடிப் பெரியவர் செருப்பில்லாமல் முன்னே நடந்தார். ஓர் இடத்தில் சட்டென்று வெளிச்சம் குறைந்தது. "இனி மழை மரம்" என்றார்.

கீழே ஒவ்வொரு செடியும் தண்ணீருக்குப் போராடியது. இங்கே தண்ணீர் ஒரு தொல்லை, போராட்டம் வெளிச்சத்துக்கு. மரங்கள் வெகு உயரம் வரை கிளைக்காமல் ஏறுகின்றன. தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் நூற்றில் ஓரிரு பங்குதான். மண் ஆழமில்லாததால் பெரிய மரங்கள் அடியில் பலகை பலகையாக வேர் விரித்து முட்டுக் கொடுத்து நிற்கின்றன. இலைகளின் நுனி கூராக நீண்டு, விழுந்த மழையைச் சொட்டி விடுகிறது. தேங்கினால் பாசி பிடித்து இலை குருடாகிவிடும். எங்கள் ஊரில் இலை தண்ணீரைப் பூட்டி வைக்கிறது. இங்கே வடிகால் வெட்டி வைத்திருக்கிறது. இடையே இருப்பது ஒரு நாள் நடை.

பசுமையைப் பார்த்து மண் கொழுத்தது என்று ஏமாந்துவிடக் கூடாது. விழுந்த இலையை மட்கவிட்டுச் சத்தை வேர்கள் உடனே திரும்ப எடுத்துக்கொள்கின்றன. செல்வமெல்லாம் மரத்தில் இருக்கிறது, தரையில் கொஞ்சம்தான். அமேசானிலும் அப்படித்தான், காட்டை அழித்துப் பயிர் வைத்தவர்கள் சில வருஷத்தில் அதைக் கண்டுகொண்டார்கள்.

இன்னும் மேலே போனால் மரம் மறுபடி குட்டையாகிறது. மடிப்புகளில் சோலை, முதுகெல்லாம் புல். அங்கேதான் நம் மாநில விலங்கான வரையாடு மேய்கிறது. பாறையில் வழுக்காத குளம்பும் கண்ணுக்கெட்டிய தூரம் திறந்த வெளியும் அதற்கு வேண்டும். அடர்ந்த காட்டில் அதற்கு வேலை இல்லை. காற்று அடித்துக்கொண்டே இருந்தது. நான் கீழே உட்கார்ந்து அந்தப் புல்லைத் தடவிப் பார்த்தேன். அப்பத்தா இருந்திருந்தால், "இதுவும் காடுதாம்லே" என்று சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. கிழக்கே, வெகு கீழே, மங்கலான பழுப்பில் எங்கள் ஊர்ப் பக்கம் தெரிந்தது. இந்த மலைத்தொடரில் விழும் மழையைத்தான் வைப்பாறு எங்கள் பக்கத்து வெம்பக்கோட்டை வழியாகக் கடலுக்குக் கொண்டுபோகிறது. எங்கள் கிணறுகளின் ஈரத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

நான் வைத்த இருநூறு கன்றுகள்

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரைப் பச்சையாக்குகிறேன் என்று கிளம்பினேன். எங்கள் மேய்ச்சல் புறம்போக்கு 'சும்மா' கிடப்பதாக எனக்குப் பட்டது. பிள்ளைகளைத் திரட்டி இருநூறு குழி தோண்டி, இருநூறு கன்று நட்டோம். போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

அப்பத்தா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தாம்லே இருக்கு. ஆடு எங்க போகும்?" என்றாள். பிறகு, "புல்லைக் கொத்திப் போட்டுட்டு எதை வளக்கப் போற?" என்று கேட்டாள். கிழவிக்கு என்ன தெரியும் என்று நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் மண் பிளந்தது. குடத்தில் தண்ணீர் சுமந்து பார்த்தோம். வைகாசிக்குள் பிழைத்தது பதினொன்று. அதற்கடுத்த வருஷம் ஒன்றுமில்லை. நாங்கள் கிளறிப்போட்ட இடங்களில் புல்லுக்குப் பதில் சீமைக்கருவேலம் முளைத்தது.

அந்தச் சீமைக்கருவேலம் மெக்சிகோ முதலான அமெரிக்க வறண்ட நிலங்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வறண்ட ஊர்களுக்குப் பச்சை வேண்டும், விறகு வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பரப்பினார்கள். அதன் ஊரில் அதைத் தின்னவும் தடுக்கவும் ஆட்கள் உண்டு, இங்கே இல்லை. நெற்றைத் தின்ற ஆடும் மாடும் விதையைப் போகுமிடமெல்லாம் சாணத்தோடு விதைத்தன. கரியும் விறகுமாகப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அது நுழைந்த இடத்தில் புல் இல்லை, கவுதாரி இல்லை, விசிறி ஓணான் இல்லை. ஒரு நிலத்துக்குப் பொருந்தியதை இன்னொரு நிலத்தில் கொண்டுவந்து வைப்பது எவ்வளவு பெரிய பந்தயம் என்பதை மாவட்டம் முழுக்கப் பார்க்கலாம்.

வெள்ளைக்காரன் காலத்து வருவாய்க் கணக்கில் வரி தராத நிலமெல்லாம் தரிசு. இன்றும் நாட்டின் தரிசு நில வரைபடங்களில் புதர்நிலங்கள் இடம்பெறுகின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே எதையும் செய்யலாம். கேட்க ஆள் வராது. மழைக்காட்டை வெட்டினால் உலகம் கூச்சல் போடுகிறது, போட வேண்டும். புல்வெளியை மூடினால் அதற்கு 'மேம்பாடு' என்று பேர் வைக்கிறோம். புல்வெளி தன் கரிமத்தைத் தரைக்கு அடியில், வேரில், வெளியே தெரியாமல் சேர்த்து வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சொத்துக்கு மதிப்புப் போட நமக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு நாள் பழைய திணைப் பாடத்தைப் புரட்டினேன். நிலத்தைத் தனியாகவும் உயிரைத் தனியாகவும் பார்க்காமல், ஒரு நிலத்துக்கு இன்ன மரம், இன்ன விலங்கு, இன்ன உணவு, இன்ன தொழில் என்று சேர்த்துக் கட்டியது தொல்காப்பிய மரபு. பல்லுயிர்த் தொகுதி என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. என்னை நிறுத்தியது முல்லை. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்று ஆயிரம் முறை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் காட்டில் வாழ்பவர் யார்? ஆயர். தொழில் என்ன? ஆநிரை மேய்ப்பது. விளைவது? வரகும் சாமையும். வெயில் புகாத மழைக்காட்டில் ஆநிரை எதை மேயும்? வரகு எங்கே விளையும்? முல்லைக்காடு என்பது புல்லும் புதரும் இடையிடையே மரமுமான திறந்த வெளியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆட்டைப் பற்றிக்கொண்டு அப்பத்தா தினமும் போனது அங்கேதான். பள்ளிக்கூடம் போகாதவள் பழைய பொருளில் சரியாகப் பேசியிருக்கிறாள். அடர்ந்த மரம்தான் காடு என்பது பின்னாளில் எனக்கு வந்த பழக்கம்.

இரண்டு வருஷம் சீமைக்கருவேலத்தை வெட்டி, தூரோடு பிடுங்கி, அந்தப் புறம்போக்கில் ஒரு மூலையை மட்டும் சும்மா விட்டுப் பார்த்தோம், ஊர்க்காரர்கள் நாலு பேரும் நானும். யாரும் எதையும் நடவில்லை. மூன்றாவது ஐப்பசிக்குப் புல் வந்தது. ஒரு நாள் காலையில் கவுதாரி கத்தியது.

போன வாரம் ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். தெரிந்த கண்டக்டர் ஒருவர், "எங்க சார், பை தண்ணி பாட்டில் எல்லாம் எடுத்துக்கிட்டு?" என்றார்.

"காட்டுக்கு" என்றேன்.

"அய்யனார் கோவில் வண்டி அந்தக் கடைசில நிக்கும் சார்" என்று கை காட்டினார்.

நான் ஆலங்குளம் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.